கூண்டடியில் இறகு கொட்டிக் கிடந்தால் பயப்பட வேண்டுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஏழு மாதக் காக்டெயில் கிளி, சாம்பல் நிறம், கடைக்காரர் பெண் பறவை என்று சொல்லிக் கொடுத்தது. மூன்று வாரமாகத் தினமும் கூண்டடியில் இறகு கொட்டிக் கிடக்கிறது. தலையிலும் கழுத்திலும் முள் முள்ளாக ஏதோ முளைத்திருக்கிறது, தொட்டால் சீறுகிறது, தரையெல்லாம் வெள்ளைத் தூள். போன வாரம் ஒரு நாள் காலையில் இறக்கையில் இரத்தம். பறவைக் கடையில் கேட்டதற்கு ஒரு சத்து டானிக்கும், உடம்பில் தடவச் சொல்லி வேப்பெண்ணெயும் கொடுத்திருக்கிறார்கள். "எந்த மருந்து கொடுத்தால் இறகு கொட்டுவது நிற்கும்?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இது நோயா, பறவையின் இயல்பா, இரண்டையும் வீட்டில் இருக்கிற ஒருவர் எப்படிப் பிரித்தறிவது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். பதினேழு ஆண்டுகளாகச் சிகிச்சை செய்கிறேன். கடைசிப் பத்தாண்டுகளில் என் மேசைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் கூண்டுப் பறவைகள். ஆனாலும் பறவையைக் கையில் எடுத்துப் பார்க்காமல், எடை போடாமல், எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோய் இல்லை என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. நீங்கள் சொன்னவற்றில் இரத்தம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே இயல்பான முதல் இறகுதிர்ப்பைக் காட்டுகின்றன. காக்டெயில் ஏறக்குறைய ஆறு மாத வயதில் குஞ்சுப் பருவத்து இறகுகளைக் களைந்து பெரிய பறவையின் இறகுகளைப் போர்த்திக்கொள்ளத் தொடங்கும். உங்கள் பறவை அந்த வயதில்தான் இருக்கிறது. இரத்தத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த வேப்பெண்ணெய்க் குப்பியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள, கூண்டடியில் கிடக்கும் ஓர் இறகு போதும். இறக்கையிலிருந்தோ வாலிலிருந்தோ விழுந்த நீளமான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டின் அடிப்பகுதி இழைகளே இல்லாமல், கண்ணாடி போன்ற வெற்றுக் குழாயாக இருக்கும். அதற்கு மேலே தண்டின் இரு பக்கமும் மெல்லிய இழைகள் நெருக்கமாகக் கிளைத்து ஒரே தகடு போலத் தெரியும். அந்தத் தகட்டை நுனியிலிருந்து அடியை நோக்கித் தடவுங்கள். பிய்ந்த பனையோலை மாதிரி ஆங்காங்கே பிளந்துகொள்ளும். இப்போது அதையே இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்து, அடியிலிருந்து நுனியை நோக்கி மெதுவாக இழுத்துவிடுங்கள். பிளவுகள் தாமே மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று தடவை இழுத்தால் பிளந்த இடமே தெரியாது. வீட்டில் ஒரு நல்ல பூதக்கண்ணாடி இருந்தால் அதன் வழியாகவும் பாருங்கள். ஒவ்வோர் இழையிலிருந்தும் இரு பக்கமும் இன்னும் நுண்ணிய இழைகள் கிளைப்பது மங்கலாகத் தெரியும். நுனிப் பக்கம் போகும் நுண்ணிழைகளில் கண்ணுக்கு எட்டாத கொக்கிகள் இருக்கின்றன. அடிப் பக்கம் வரும் நுண்ணிழைகளில் அந்தக் கொக்கிகள் மாட்டிக்கொள்ளும் விளிம்பு இருக்கிறது. ஜிப் வைத்த பையைத் திறந்து மூடுவது போலத்தான். பறவை நாளெல்லாம் அலகால் இறகைக் கோதுவதில் பெரும்பகுதி, அவிழ்ந்த கொக்கிகளை மறுபடி மாட்டும் வேலை.

எண்ணெய் பட்டால் இந்தக் கொக்கிகளுக்கு இடையில் புகுந்து இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இறகுகளுக்கு அடியில் தேங்கி நிற்கும் காற்றுதான் பறவைக்குப் போர்வை. அந்தப் போர்வை போய்விடும். சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாத அடைமழையில், ஒரு பெரியவர் செருப்புப் பெட்டிக்குள் துணி சுற்றி ஒரு காக்டெயிலைக் கொண்டுவந்தார். இறகு வறண்டிருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம், மூன்று நாளாகத் தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறார். அத்தனையும் பாசத்தில் செய்தது. இறகெல்லாம் ஈர்க்குச்சி ஈர்க்குச்சியாகப் பிரிந்து, நடுவில் தோல் தெரிய, பறவை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை முதலில் விளக்குச் சூட்டில் வைத்துத் தேற்றி, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளி விட்டுக் கழுவினோம். பிழைத்துக்கொண்டது. ஆனால் எண்ணெய் பிடித்த இறகுகள் பழைய நிலைக்கு வரவே இல்லை. அடுத்த உதிர்ப்பில் அவை விழுந்து புது இறகு வந்த பிறகுதான் பறவை பழைய உருவத்துக்குத் திரும்பியது.

அந்தப் பெரியவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முழுதாக வளர்ந்து முடிந்த இறகு உயிரற்ற பொருள், நம் நகத்தின் நுனியைப் போல. கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. வளர்ச்சி முடிந்ததும் அதற்குள் இருந்த இரத்த ஓட்டம் பின்வாங்கி, அடித்துளை மூடிக்கொள்ளும். அதன் பிறகு அது கிழிந்தாலும் தேய்ந்தாலும் வெளுத்தாலும் ஆறாது. மேலே எதைத் தடவினாலும் எதைத் தெளித்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை முளைக்க வைப்பது ஒன்றுதான் பறவைக்கு இருக்கும் வழி. இறகுதிர்ப்பு என்பது அதுதான். ஆகவே அதை நிறுத்த மருந்து தேடக் கூடாது. நாம் பறவைக்குச் செய்யக்கூடிய உதவியெல்லாம், இறகு உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் அந்தச் சில வாரங்களுக்குள் செய்ய வேண்டியது. அந்த வாரங்கள் உங்கள் வீட்டில் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன.

தரையில் இருக்கும் வெள்ளைத் தூளுக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை. காக்டெயில், காக்கட்டூ என்ற கொண்டைக்கிளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேலே தெரியும் இறகுகளுக்கு அடியில், உடம்போடு ஒட்டி, தூவி என்று பழந்தமிழில் அழகாகப் பெயர் பெற்ற மென்னிறகுகள் இருக்கின்றன. காக்கட்டூ, காக்டெயில், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஆகியவற்றில் அந்தத் தூவிகளில் ஒரு வகை, தன் நுனியிலிருந்து ஓயாமல் மிக நுண்ணிய மாவைச் சிந்திக்கொண்டே இருக்கும். பறவை கோதும்போது அந்த மாவு உடல் முழுவதும் பரவி இறகைக் காக்கிறது. நல்ல காக்டெயிலின் அலகு கூட இதனால் சற்று மங்கலாக, சாம்பல் பூசியது போல இருக்கும். மாவு குறைந்து அலகு பளபளவென்று கறுத்தால்தான் எனக்குக் கவலை வரும். வீட்டில் ஆஸ்துமா இருப்பவர் இருந்தால் மட்டும் கூண்டைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். இந்தத் தூள் சிலருக்கு நுரையீரலில் தீவிரமான ஒவ்வாமையை உண்டாக்கும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இறகு நிறம் கூடும் என்று சொல்லி விற்கப்படும் மருந்துகளுக்கு மக்கள் நிறையச் செலவழிக்கிறார்கள். பூநாரையின் சிவப்பு அது தின்னும் இரையிலிருந்து வருகிறது. கிளி இனத்தில் அப்படி இல்லை. மஞ்சளையும் சிவப்பையும் தரும் நிறமிகளைக் கிளிகள் தம் உடலிலேயே செய்துகொள்கின்றன, வேறு எந்தப் பறவைக் குடும்பத்திலும் அந்த நிறமி இல்லை. கேரட் கொடுத்தால் உடம்புக்கு நல்லது, ஆனால் காக்டெயிலின் கன்னத்துச் செம்பொட்டு அதனால் கூடாது. நீலமோ நிறமியே அல்ல. இழைகளுக்குள் கெரட்டின் பஞ்சு போல நுண்துளைகளோடு அமைந்திருப்பதால் ஒளி சிதறி நமக்கு நீலமாகத் தெரிகிறது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜெரிகார் நீல நிறத்தில் யாரிடமாவது இருந்தால், அதன் இறகு ஒன்றை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீலம் மறைந்து பழுப்பாகத் தெரியும். பச்சைக் கிளியின் பச்சையும் இப்படிக் கூடிப் பிறந்ததுதான். நீலம் காட்டும் பஞ்சமைப்பின் மேல் மஞ்சள் நிறமி ஏறினால் பச்சை. அந்த மஞ்சளைச் செய்யும் திறன் பிறப்பிலேயே இல்லாமல் போன பட்ஜெரிகார்தான் நீலமாகப் பிறக்கிறது.

இப்போது உதிர்வதன் ஒழுங்கைப் பார்க்கலாம். பறவையின் உடம்பில் இறகுகள் எல்லா இடத்திலும் முளைப்பதில்லை. நாற்று நட்ட வயலைப் போல வரிசை வரிசையாக முளைக்கின்றன, வரிசைகளுக்கு நடுவே வெறும் தோல் இருக்கும். கழுத்தின் பக்கவாட்டில் இறகை விலக்கிப் பார்த்துவிட்டு "சொட்டை விழுந்திருக்கிறது" என்று பதறி வருபவர்கள் உண்டு. அது இயல்பான வரப்பு. உதிர்ப்பு தொடங்கினாலும் பறவை ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்டிவிடாது. இறக்கையின் வெளிப்பகுதியில் பறப்பதற்குரிய பத்துப் பெரிய இறகுகள் இருக்கின்றன. கிளி இனத்தில் உதிர்ப்பு அந்தப் பத்தின் நடுவில் தொடங்கி இரு பக்கமும் நகரும். வலது இறக்கையில் ஒன்று விழுந்தால் ஒரு சில நாட்களுக்குள் இடது இறக்கையிலும் அதே இடத்து இறகு விழுவது வழக்கம். வால் இறகு பன்னிரண்டும் அப்படித்தான், தவணை முறையில். பறக்கும் திறன் முற்றிலும் போய்விடாதபடி இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு இது. விழுந்த இறகுகளைத் தேதி எழுதிய உறையில் போட்டு வையுங்கள். வலதும் இடதும் சோடி சேர்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சேர்ந்தால் பெரும்பாலும் இயல்பான உதிர்ப்பு. கூண்டடியில் கிடக்கும் இறகின் அடிக்குழாயும் உலர்ந்து, முழுதாக, இரத்தக்கறை இல்லாமல் இருக்க வேண்டும்.

தலையில் முளைத்திருக்கும் முட்கள்தான் புது இறகுகள். தோலில் உள்ள குழிக்குள் புது இறகு உருவாகும்போது அது பழையதை வெளியே தள்ளுகிறது. புதியது ஒரு மெல்லிய உறைக்குள் சுருட்டி வைத்த பாயைப் போலச் சுருண்டபடி வெளியே வருகிறது. இந்த நிலையில் அதன் உள்ளே இரத்தம் ஓடுகிறது, அடியில் கருநீலமாகத் தெரியும். இழைகள் நுனியிலிருந்து முதிர்ந்துகொண்டு வர, நுனிப்பக்க உறை வெளுத்து, காய்ந்து, பொடியாக உதிரும். நீங்கள் பார்த்த தூளில் ஒரு பகுதி இந்த உறைதான். மற்ற இடத்து உறைகளைப் பறவை அலகால் உரித்துக்கொள்ளும். தலைக்கும் பின்கழுத்துக்கும் தன் அலகு எட்டாது, துணை இருந்தால் துணை கோதிவிடும். தனியாக வளரும் பறவைக்கு நீங்கள்தான் துணை. அது தானாகத் தலையைக் குனிந்து காட்டினால், வெள்ளையாகக் காய்ந்துபோன நுனியை மட்டும் இரண்டு விரல்களுக்கு இடையே மெல்ல உருட்டுங்கள், உறை பொடிந்து உள்ளே இருந்து இறகு விரியும். பார்க்கவே மனம் நிறையும். அடி கருத்திருக்கும் முள்ளைத் தொடாதீர்கள். அது உயிருள்ள திசு, அழுத்தினால் வலிக்கும். உங்கள் பறவை சீறுவதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும், உங்கள் மேல் அதற்குப் பாசம் குறைந்துவிடவில்லை.

இனி இரத்தம். வளரும் பெரிய இறகு ஒன்று எங்கேயாவது இடித்து முறிந்தால், அதன் தண்டு இரத்தம் நிரம்பிய குழாய் என்பதால் சொட்டும். காக்டெயில்களுக்கு இரவில் திடீரென்று மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. பல்லி ஓடினாலும் தெருவில் வண்டி விளக்கு அடித்தாலும் போதும். நீங்கள் காலையில் இரத்தம் பார்த்ததாக எழுதியிருப்பதால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். இரவில் கூண்டருகே ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். மிரண்டாலும் கம்பி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். மறுபடி இரத்தம் வந்தால் பறவையைத் துண்டில் மெதுவாகச் சுற்றி, மார்பை அழுத்தாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மார்பு அசைந்தால்தான் பறவை மூச்சுவிட முடியும். முறிந்த இடத்தில் சுத்தமான துணியை வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். சமையலறைக் கார்ன்ஃப்ளாரைச் சிறிது அப்பினால் இன்னும் சீக்கிரம் நிற்கும். மஞ்சள்தூள் வேண்டாம், சாயம் ஏறிவிட்டால் இரத்தம் நின்றதா இல்லையா என்று பார்க்க முடியாது. முறிந்த இறகைக் குறடு வைத்துப் பிடுங்கிவிட வேண்டும் என்று பழைய நூல்களில் இருக்கும், நானும் தொடக்கத்தில் அப்படிச் செய்தவன்தான். இப்போது இரத்தம் நிற்காத நிலையில் மட்டுமே செய்கிறேன். பிடுங்குவது மிகவும் வலிக்கும், தோல்குழி சேதமானால் பிறகு அங்கே இறகு கோணலாக முளைக்கும் அல்லது முளைக்கவே முளைக்காது. வீட்டில் ஒருபோதும் பிடுங்காதீர்கள். தொண்ணூறு கிராம் எடையுள்ள காக்டெயிலின் உடம்பில் மொத்த இரத்தமே ஒன்பது மில்லி அளவுதான், இரண்டு தேக்கரண்டி கூட நிறையாது. பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நோயின் அடையாளங்கள் எவை? இயல்பான உதிர்ப்பில் இறகு மெலியும், ஆனால் தோல் திட்டாகத் தெரியாது. விழும் இடத்தில் முள் முளைத்துக்கொண்டே வரும். பறவை வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கும், பாட்டுக் குறையும், ஆனால் தின்னும், எச்சம் மாறாது. இதற்கு மாறாக மார்பு, தொடை, இறக்கையின் அடிப்பக்கம் எல்லாம் மொட்டையாகி, தலை மட்டும் அழகாக முழு இறகோடு இருந்தால், பறவை தன் இறகைத் தானே பிடுங்குகிறது. தலைக்கு அதன் அலகு எட்டாது. தலையும் மொட்டையானால் கூட இருக்கும் பறவை பிடுங்குகிறது, இல்லாவிட்டால் உள்ளே வேறு கோளாறு இருக்கிறது. இதில் ஒரு விலக்கு உண்டு. லுட்டினோ எனப்படும் வெளிர்மஞ்சள் காக்டெயில்களில் கொண்டைக்குப் பின்னால் பிறவியிலேயே சொட்டை இருப்பது மிகச் சாதாரணம், அதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. தானே பிடுங்கும் பழக்கத்துக்குக் காரணம் தேடுவது கடினமான வேலை. தனிமை, சலிப்பு, தோல் அரிப்பு, ஈரல் கோளாறு, குடல் ஒட்டுண்ணி என்று பலவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்க வேண்டியிருக்கும். எல்லாம் பார்த்த பிறகும் காரணம் பிடிபடாத பறவைகள் என்னிடம் இருந்திருக்கின்றன.

கிளி வளர்ப்பவர்கள் உண்மையிலேயே அஞ்ச வேண்டியது, சர்கோவைரஸால் வரும் அலகு-இறகு நோய். புது இறகு உறையை விட்டு வெளியே வராமல் தடித்து நிற்கும், அடியில் கழுத்தை நெரித்தது போல இறுகியிருக்கும், நன்கு முதிர வேண்டிய தண்டுக்குள் கறுத்த இரத்தம் உறைந்திருக்கும், ஒவ்வோர் உதிர்ப்பிலும் முன்னதை விட மோசமான இறகே முளைக்கும். நான் முன்பு சொன்ன மாவு குறைந்து அலகு பளபளப்பதும் இதன் தொடக்க அடையாளமாக இருக்கலாம். காக்கட்டூ, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, ஆப்பிரிக்க லவ் பேர்ட், பட்ஜெரிகார் ஆகியவற்றில் நான் இதைப் பார்த்திருக்கிறேன். காக்டெயிலில் குறைவு. பார்வையை வைத்து மட்டும் இதை உறுதி செய்ய முடியாது, இரத்தமும் இறகும் எடுத்துப் பி.சி.ஆர். சோதனை செய்ய வேண்டும். பட்ஜெரிகார் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் வயதில் பறக்கும் இறகெல்லாம் கொட்டித் தரையில் ஓடித் திரிந்தால் அதுவும் வைரஸாக இருக்கலாம். இந்த நோய்கள் இறகுத் தூளிலும் எச்சத்திலும் பரவுகின்றன. அதனால் புதிதாக வாங்கும் எந்தப் பறவையையும் சோதித்த பிறகே பழைய பறவையோடு சேர்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் இவற்றுக்கான அடையாளம் ஒன்றும் இல்லை.

உணவுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. இறகு ஏறக்குறைய முழுவதும் புரதம். ஒரு பறவையின் உடலிலுள்ள புரதத்தில் கால் பங்கு வரை இறகுகளில் இருக்கிறது. அத்தனையையும் சில வாரங்களில் புதிதாக நெய்ய வேண்டியிருக்கும்போது, நீங்கள் எழுதியபடி தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் தின்னும் பறவை எங்கிருந்து நெய்யும்? தினையில் மாவுச்சத்தும் சூரியகாந்தியில் கொழுப்பும் மிகுதி. இறகுக்கு முக்கியமான, கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களும், தோலுக்கு வேண்டிய ஏ வைட்டமினும் விதை உணவில் போதாது. முளைகட்டிய பாசிப்பயறு தினமும் ஒரு தேக்கரண்டி, வாரம் இரண்டு மூன்று நாள் அவித்த முட்டை சுண்டுவிரல் நுனியளவு, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் அல்லது மஞ்சள் பூசணி என்று தொடங்குங்கள். முதல் நாளே தின்னாது. அதன் கண்ணெதிரே நீங்கள் கீரையைக் கிள்ளி வாயில் வைத்துக்காட்டினால் நாலாவது ஐந்தாவது நாளில் வந்து பறிக்கும். கணவாய் ஓடு ஒன்றைக் கூண்டில் கட்டித் தொங்கவிடுங்கள். முட்டையையும் முளைப்பயற்றையும் நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள், கெட்டுவிடும்.

வளரும் இறகில் உணவோ உடல்நலமோ ஒரு நாள் குறைந்தாலும் அந்த நாளின் தடம் பதிந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் இறகின் குறுக்கே கோடு போட்டது போல மெலிந்த வரி தெரியும். அந்த வரி இருக்கும் இடத்தில் இறகு எளிதில் முறியும். ஒரே ஓர் இறகில் ஒரே ஒரு வரி இருந்தால் நான் பொருட்படுத்துவதில்லை. எல்லா வால் இறகிலும் ஒரே உயரத்தில் இருந்தால், அவை வளர்ந்த காலத்தில் பறவைக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. அது காய்ச்சலா, பட்டினியா, பயமா என்று வரி சொல்லாது.

எப்போது நிற்கும் என்ற உங்கள் கேள்விக்கு என்னால் தேதி தர முடியாது. முதல் உதிர்ப்பு காக்டெயில்களில் பெரும்பாலும் ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டரை மாதத்துக்குள் தணியும், ஆங்காங்கே ஒன்றிரண்டு விழுவது அதற்குப் பின்னும் தொடரும். பின்னாளில் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை வரும். பகல் நீளம் மாறுவதும், அதைத் தொடர்ந்து உடலில் தைராய்டு முதலிய சுரப்புகள் மாறுவதும் உதிர்ப்பைத் தூண்டுகின்றன என்பது உறுதியான செய்தி. ஆனால் அது தமிழ்நாட்டு வீட்டில் வளரும் பறவைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. காக்டெயிலின் தாயகமான ஆஸ்திரேலியாவின் தெற்கே, மெல்போர்னில், கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு. சென்னையில் அது ஒன்றரை மணி நேரம்தான். அதோடு நாம் இரவு பதினொன்று வரை டியூப் லைட் எரிய விடுகிறோம். எந்தப் பருவம் என்றே தெரியாத குழப்பத்தில் சில பறவைகள் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். ஆனால் மாலை ஏழரைக்குக் கூண்டை மூடி பதினொரு மணி நேரமாவது தூங்க விட்டால் பல பறவைகள் ஒழுங்குக்கு வருவதைக் கண்டிருக்கிறேன்.

கடையில் கொடுத்த டானிக்கைப் பற்றி: நன்றாகத் தின்னும் பறவைக்கு அதனால் கூடுதல் நன்மை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. தண்ணீரில் கலக்கும் வைட்டமின்கள் இன்னொரு விதத்தில் தொல்லை தரும். நம் வெயிலில் அந்தத் தண்ணீரில் சில மணி நேரத்தில் கிருமி பெருகும், சுவை பிடிக்காவிட்டால் பறவை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். கற்றாழைச் சாறு தெளிப்பது பற்றியும் பலர் கேட்கிறார்கள், வெறும் தண்ணீர் தெளிப்பதை விட அது சிறந்தது என்று நான் கண்டதில்லை. வெறும் தண்ணீரே போதும். காலை பத்து மணி வெயில் நேரத்தில் மழைச்சாரல் போலத் தெளித்தால் இறகுறைகள் இளகும், அரிப்பு அடங்கும், பறவை இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும். பூச்சி வராமல் இருக்கக் கூண்டடியில் அந்துருண்டை வைப்பதையும், கொசுவத்தியோ சாம்பிராணியோ கூண்டருகே புகைப்பதையும் மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பறவையின் நுரையீரல் அதைத் தாங்காது.

இறக்கையை வெட்டிவிடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இப்போது கூடவே கூடாது. பக்கத்து இறகுகள் முழுதாக இருந்தால்தான் வளரும் இரத்த இறகுக்கு அவை அரணாக நிற்கும். வெட்டிவிட்டால் அது தனியே நீண்டு, பறவை விழும்போதெல்லாம் அடிபட்டு முறியும். பிடுங்கிய இறகின் இடத்தில் உடனே புதிது முளைக்கும், வெட்டிய இறகோ அதன் கட்டை விழும் வரை அப்படியே இருக்கும், அதற்கு ஓர் ஆண்டு கூட ஆகலாம். வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், சன்னல்களை மூடுங்கள். இறகு குறைந்திருக்கும் நாட்களில் பறவையால் சரியாகத் திரும்ப முடியாது. மின்விசிறியில் அடிபட்டு வந்தவற்றில் பாதியைக் கூட என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை.

இந்த வாரம் சமையலறை எடைத்தராசு ஒன்று வாங்கி, தினமும் காலையில் தீனி வைப்பதற்கு முன் எடை பார்த்து எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு வால் ஆடினாலோ, ஒரு நாளுக்கு மேல் காத்திருக்காமல் பறவை பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று. முகத்தில் மஞ்சள் கூடிக்கொண்டு வருவதாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். சாம்பல் நிறக் காக்டெயிலில் குஞ்சுகள் எல்லாம் பெண் போலவே இருக்கும், வாலின் அடிப்பக்கத்தில் மஞ்சள் வரிகள் ஓடும். முதல் உதிர்ப்பில் ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகி, வாலடி வரிகள் மறைந்து ஒரே கருஞ்சாம்பலாகும். பெண்ணுக்கு வரிகள் அப்படியே இருக்கும். விழுந்த வால் இறகு ஒன்றையும், புதிதாக முளைத்து வரும் வால் இறகின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் செல்லம்மா ஆணாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.